தினமும் ஒன்றா, வாரத்துக்கு ஒன்றா, 72 மணி நேரமா? கருத்தடை மாத்திரைகளை எப்போது, எப்படிப் போட வேண்டும்?

விடிந்தும் விடியாத நேரத்தில் கம்பம், கூடலூர், போடி பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு பெண்கள் ஜீப்களில் ஏறிக்கொண்டிருப்பார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று ஏதாவது ஒரு மலைப்பாதை வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்கள் அவை. அந்த வளைவுகளில் வயிற்றைப் பிரட்டாமல் மேலே போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

இந்த ஜீப்பில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு முதல் குழந்தை பிறந்து ஒரு வருடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்ததற்கு இரண்டு, மூன்று வருடமாவது இடைவெளி வேண்டும் என்று நினைக்கிறார். நர்சம்மா ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்து, "தினமும் ஒண்ணு போடுங்க, மறக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறார். காலையில் கிளம்பும் அவசரத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறார். மெட்டு ஏறுவதற்குள் வாந்தி. அன்றைக்கு மாத்திரை போட்ட கணக்கா, போடாத கணக்கா?

போடாத கணக்குதான். மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், அது உடலில் சேரவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னொன்று போட வேண்டும். இதை அட்டையைக் கொடுக்கும்போதே யாராவது சொல்லியிருந்தால் அவர் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடும் பழக்கத்துக்கு மாறியிருப்பார். மாத்திரைக்குக் காலை, இரவு என்ற வித்தியாசம் கிடையாது. தினமும் கிட்டத்தட்ட ஒரே நேரம் என்பதுதான் கணக்கு.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்லப்படும் பல சம்பவங்களில் மாத்திரை மீது தப்பு இருக்காது. போட்ட நேரமும் முறையும்தான் தப்பாக இருக்கும். சரியாகப் போட்டால் ஒரு வருடத்தில் 100 பெண்களில் ஒருவருக்குக்கூட கரு தங்காது. நடைமுறையில், மறந்து, விட்டுவிட்டுப் போடும்போது அது சுமார் 7 பேர் ஆகிவிடுகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பதைத்தான் இந்தத் தொகுப்பில் பார்க்கப்போகிறோம்.

எல்லாமே 'கருத்தடை மாத்திரை'தானா?

பேச்சுவழக்கில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். ஆனால் மெடிக்கலிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைப்பவை வேறு வேறு மாத்திரைகள். தினமும் போடுவது ஒன்று. வாரக் கணக்கில் போடுவது ஒன்று. அவசரத்துக்கு ஒரே ஒரு தடவை போடுவது இன்னொன்று. இவை போக, கருத்தடை மாத்திரையே இல்லாத இரண்டு, இதே பெயரில் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. கோயில் திருவிழாவுக்காக பீரியட்ஸைத் தள்ளிப்போடும் மாத்திரை ஒன்று, கருக்கலைப்பு 'கிட்' மற்றொன்று. ஒன்றின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்தினால்தான் சிக்கல்.

தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் அதிகமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே குடும்பக் கட்டுப்பாடு என்றாலே 'ஆபரேஷன்' என்றுதான் அர்த்தம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் திருமணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இரண்டு குழந்தை, உடனே ஆபரேஷன் என்பது பல குடும்பங்களில் பேசி முடிவு செய்யாமலேயே நடந்துவிடுகிறது. மாத்திரை பயன்படுத்துபவர்கள் மிகச் சொற்பம். வீட்டில் அம்மாவோ அக்காவோ போட்டுப் பழகியிருந்தால் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவர்களே போட்டதில்லை என்றால் யாரிடம் கேட்பது? கல்யாணம் ஆனவுடனேயே குழந்தை வேண்டாம் என்பவர்களும், முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி வேண்டும் என்பவர்களும்தான் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தினசரி மாத்திரை: மாலா-என்

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைப்பது மாலா-என். ஒரு அட்டையில் 28 மாத்திரைகள். அதில் 21 மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரண்டு ஹார்மோன்கள் சிறிய அளவில் இருக்கும். நிறம் வேறாக இருக்கும் மீதி 7 மாத்திரைகள் வெறும் இரும்புச்சத்து.

அந்த ஏழும் எதற்கு? பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க, கூடவே ரத்தசோகைக்கு. அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. எனவே 'கலர் மாத்திரை சும்மாதானே' என்று தூக்கிப் போட வேண்டாம். இந்த ஏழு நாட்களுக்குள்தான் பீரியட்ஸ் வரும். வந்தாலும் வராவிட்டாலும் 28 முடிந்ததும் மறுநாளே அடுத்த அட்டை.

ஆரம்பிப்பது எப்போது? பீரியட்ஸ் வந்த முதல் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ஆரம்பித்துவிட்டால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. அதற்குப் பிறகு ஆரம்பித்தால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முதல் 7 நாட்களுக்கு ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

மெடிக்கலில் விற்கும் பல பிராண்டுகளில் 21 மாத்திரைகள் மட்டுமே இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை இருக்காது. அப்படியானால் 21 நாள் போட்டு, 7 நாள் விட்டு, எட்டாவது நாள் புது அட்டை. ரொம்பப் பேர் சறுக்கும் இடம் இதுதான். "பீரியட்ஸ் இன்னும் முடியலையே, முடிஞ்சதும் ஆரம்பிக்கலாம்" என்று இரண்டு நாள் தள்ளுவார்கள். மாத்திரை இல்லாத அந்த ஏழு நாட்களில் சினைப்பை மெல்ல விழித்துக்கொண்டிருக்கும். இடைவெளி ஒன்பது, பத்து நாள் என்று நீண்டால் கருமுட்டை வெளிவந்துவிடலாம். அட்டையின் நடுவில் ஒன்றை மறப்பதைவிட, புது அட்டையைத் தாமதமாக ஆரம்பிப்பது ஆபத்து. ரத்தப்போக்கு இருந்தாலும் எட்டாவது நாள் ஆரம்பித்துவிட வேண்டும்.

"நேத்து போட மறந்துட்டேன், இன்னைக்கு ரெண்டா போடலாமா?"

போடலாம். ஒரு மாத்திரை மறந்துபோனால், ஞாபகம் வந்தவுடன் அதைப் போட்டுவிட்டு, அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட வேண்டும். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

தொடர்ந்து இரண்டு அல்லது அதற்கு மேல் விட்டுப்போனால் கதை வேறு. கடைசியாக விட்டதில் ஒன்றை மட்டும் உடனே போடுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். மூன்று, நான்கு என்று சேர்த்துப் போட்டால் வாந்திதான் வரும், பாதுகாப்பு வராது. அடுத்து தொடர்ந்து 7 நாட்கள் மாத்திரை போடும்வரை ஆணுறை அவசியம்.

இது எந்த வாரத்தில் நடந்தது என்பதும் முக்கியம். அட்டையின் முதல் வாரத்தில் இப்படி விட்டுப்போய், கடந்த 5 நாட்களில் உடலுறவும் நடந்திருந்தால், அவசர மாத்திரை தேவையா என்று நர்சிடமோ மருத்துவரிடமோ உடனே கேட்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் என்றால், மிச்சமுள்ள ஹார்மோன் மாத்திரைகளை முடித்துவிட்டு, அந்த ஏழு இரும்புச்சத்து மாத்திரைகளைத் தாண்டி, நேரடியாகப் புது அட்டைக்குப் போய்விட வேண்டும். அந்த மாதம் பீரியட்ஸ் வராமல் போகலாம், பயப்பட வேண்டாம். மறந்தது இரும்புச்சத்து மாத்திரை என்றால் கவலையே இல்லை.

காய்ச்சல், சளிக்குக் கொடுக்கும் சாதாரண ஆன்டிபயாடிக் போட்டால் கருத்தடை மாத்திரை வேலை செய்யாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெரும்பாலான ஆன்டிபயாடிக்குக்கு அது பொருந்தாது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாய்ன், கார்பமசிபைன் போன்றவைதான் இதன் வீரியத்தைக் குறைக்கும். இந்த மருந்துகளில் இருப்பவர்கள் வேறு முறைக்கு மாறுவது நல்லது.

யார் போடக் கூடாது?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை எல்லோருக்கும் ஒத்துவராது. ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்கள், கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்கள், பக்கவாதம், இதய நோய், மார்பகப் புற்றுநோய், தீவிர கல்லீரல் நோய் உள்ளவர்கள், கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல ஒளி தெரிந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், 35 வயதைத் தாண்டி புகைப்பழக்கம் உள்ளவர்கள் இதைப் போடக் கூடாது.

குறைந்தபட்சம் பி.பி. பார்க்காமல் முதல் அட்டையை ஆரம்பிக்காதீர்கள். அதற்காக டவுனுக்கு அலைய வேண்டியதும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி. பார்க்கிறார்கள். மாமியாருக்குப் பார்க்க வரும்போது மருமகளும் கையை நீட்டிவிடலாம்.

முதல் இரண்டு, மூன்று மாதம் லேசான குமட்டல், தலைவலி, இடையில் திட்டுத்திட்டாக ரத்தக்கசிவு வரலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆனால் ஒரு காலில் மட்டும் வீக்கத்தோடு வலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று பார்வை மங்குவது, இதுவரை வராத கடுமையான தலைவலி, கை கால் மரத்துப்போவது... இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரி.

பால் கொடுக்கும் தாய்மார்கள்

குழந்தைக்கு 6 மாதம் ஆகும்வரை பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு மாலா-என் போன்ற மாத்திரையைப் பரிந்துரைப்பதில்லை. பிரசவம் ஆன முதல் 6 வாரம் கண்டிப்பாகக் கூடாது. ரத்தம் உறையும் ஆபத்து அப்போது அதிகம், பால் சுரப்பும் குறையலாம்.

"பால் குடுக்குற வரைக்கும் தங்காது" என்பது பாதிதான் உண்மை. குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும். பீரியட்ஸ் திரும்ப வந்திருக்கக் கூடாது. மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அது பாதுகாப்பு. தோட்டத்து வேலைக்குப் போய், பகல் முழுக்க குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, இடையில் பசும்பாலோ புட்டிப்பாலோ கொடுத்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

இவர்களுக்கு இரண்டு வழி. புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள 'மினி பில்' ஒன்று. இதில் இரும்புச்சத்து மாத்திரையும் இல்லை, இடைவெளியும் இல்லை. 28 நாளும் ஹார்மோன் மாத்திரைதான். நேரம் இதில் ரொம்பக் கறார். டெசோஜெஸ்ட்ரல் வகையில் 12 மணி நேரம்வரை தாமதம் தாங்கும். பழைய வகைகளில் 3 மணி நேரம்தான். மருத்துவரைக் கேட்டுத்தான் இதை ஆரம்பிக்க வேண்டும். இன்னொரு வழி, அரசே இலவசமாகக் கொடுக்கும் 'சாயா'.

வார மாத்திரை: சாயா

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தப் பெயரைச் சொன்னால் முதலில் டீதான் ஞாபகம் வரும். மலையேறி எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் "ஒரு சாயா" என்றுதானே கேட்கிறோம். இது இந்தி 'ச்சாயா'. நிழல் என்று அர்த்தம்.

லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில், விஞ்ஞானி நித்யா ஆனந்த் தலைமையில் உருவான சென்ட்குரோமன் என்ற மருந்துதான் இது. 1991-ல் 'சஹேலி' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அந்தப் பெயரில் மெடிக்கலில் இன்றும் கிடைக்கும். 2016-ல் அரசின் குடும்ப நலத் திட்டத்தில் 'சாயா' என்ற புதுப் பெயர் வாங்கியது. மாலா-என் மாதிரி ஹார்மோன் கலவை இதில் கிடையாது. கருமுட்டை வெளிவருவதை இது தடுப்பதில்லை. கரு ஒட்டுவதற்குக் கருப்பையின் உள்சுவர் தயாராக இல்லாதபடி செய்துவிடுகிறது. அதனால்தான் பால் கொடுப்பவர்களும் போடலாம், ஈஸ்ட்ரோஜன் ஒத்துவராதவர்களும் போடலாம்.

முதல் மாத்திரை, பீரியட்ஸ் வந்த முதல் நாளில். முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு. அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று. கிழமை மாறக் கூடாது. முதல் மாத்திரை ஞாயிற்றுக்கிழமை என்றால் அடுத்தது புதன்கிழமை, பிறகு ஞாயிறு, புதன் என்றே போகும். திங்கள் என்றால் கூடவே வியாழன். செவ்வாய் என்றால் வெள்ளி. புதன் என்றால் சனி. வியாழன் என்றால் ஞாயிறு. வெள்ளி என்றால் திங்கள். சனி என்றால் செவ்வாய். மூன்று மாதம் முடிந்ததும், முதல் மாத்திரை போட்ட கிழமையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். நடுவில் பீரியட்ஸ் வந்தாலும் கிழமைக் கணக்கு மாறாது.

தினசரி மாத்திரையைவிட இது சுலபம் என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் பாதி சரி. தினமும் செய்யும் வேலை பழக்கத்தில் வந்துவிடும். வாரம் ஒரு முறை செய்வது நழுவும். சந்தை நாள், விரத நாள், சீரியல் இல்லாத நாள் என்று ஏற்கெனவே மனதில் பதிந்திருக்கும் ஒரு கிழமையோடு முடிச்சுப் போட்டுக்கொள்வதுதான் வழி. தினசரி காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்தால் இன்னும் நல்லது.

ஒன்றிரண்டு நாள் தாமதமாக ஞாபகம் வந்தால் உடனே போட்டுவிட்டு, பழைய கிழமையிலேயே தொடரலாம். ஆனால் அடுத்த பீரியட்ஸ் வரும்வரை ஆணுறை வேண்டும். 7 நாளைத் தாண்டிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பம்: மறுபடியும் 3 மாதத்துக்கு வாரம் இரண்டு.

சாயா போடும் சிலருக்கு முதல் சில மாதங்களில் பீரியட்ஸ் தள்ளிப்போகும். அளவும் குறையலாம். வீட்டில் பதற்றம் கிளம்பும் நேரம் இது. உடலில் கெட்ட ரத்தம் தேங்குகிறது என்று யாராவது சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லை. ஆனால் 15 நாளுக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள், சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்தவர்கள், கல்லீரல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

அவசர மாத்திரை: 72 மணி நேரம்

ஆணுறை கிழிந்துவிட்டது. மாத்திரை தொடர்ந்து விட்டுப்போனது. அல்லது சம்மதமில்லாமல் நடந்துவிட்டது. இந்த மாதிரி நேரத்துக்கானது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. அரசு விநியோகத்தில் இதன் பெயர் 'ஈஸி பில்'. வெளியில் 'ஐ-பில்' போன்ற பிராண்டுகள்.

72 மணி நேரம் என்பது கடைசிக் கெடு. அதுவரை காத்திருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. 12 மணி நேரத்தில் போட்டால் நல்ல பலன். மூன்றாவது நாள் போட்டால் பலன் குறைவு. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதுதான் இதன் வேலை. ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை இது கலைக்காது. போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று போட வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இது நடந்துபோனதற்கு மட்டும்தான். நாளைக்கு நடப்பதற்குப் பொருந்தாது. இன்றைக்கு போட்டாச்சு, இந்த மாதம் முழுக்க பயமில்லை என்று நினைப்பவர்கள்தான் அடுத்த மாதம் பரிசோதனைக் கருவியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவசர மாத்திரை போட்ட கையோடு தினசரி மாத்திரையையும் ஆரம்பிக்கலாம். முதல் 7 நாள் ஆணுறை சேர்த்து. அடுத்த பீரியட்ஸ் ஒரு வாரம் முன்பின் ஆகலாம். அதற்கு மேலும் தள்ளினால் பரிசோதனை அவசியம்.

இதை எழுதுவது சுலபம், வாங்குவதுதான் கஷ்டம். மருத்துவர் சீட்டு இல்லாமலேயே அவசர மாத்திரையை விற்கலாம் என்று மத்திய அரசு 2005-லேயே அனுமதித்துவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் பல வருடங்களாக இது லேசில் கிடைப்பதில்லை. சென்னையிலேயே கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்காத அனுபவங்கள் செய்திகளாக வந்திருக்கின்றன. தடை என்று சட்டத்தில் எதுவும் இல்லை. 'அது பேன் ஆச்சே' என்று கடைக்காரரே நம்பிக்கொண்டிருப்பதும் உண்டு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சின்ன ஊரில், தெரிந்த முகம் நிற்கும் மெடிக்கலில் போய் இதைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மெடிக்கலில் இல்லை என்றால் நேரத்தை வீணாக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போவதுதான் வழி. அங்கே ஈஸி பில் இலவசம். 72 மணி நேரம் தாண்டிவிட்டாலும், 5 நாளுக்குள் என்றால் காப்பர்-டி போட்டுத் தடுக்கலாம். எல்லா அவசர முறைகளிலும் பலன் அதிகம் உள்ளது அதுதான்.

திருவிழா மாத்திரை

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்தால் தேனி மாவட்டமே அங்கேதான் இருக்கும். அக்னிச்சட்டி நேர்ந்திருப்பார்கள். தேதி நெருங்கும்போது, 'வீட்டுக்குத் தூரம்' ஆகிவிட்டால் என்ன செய்வது என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவது பல குடும்பங்களில் சாதாரணம். கல்யாணம், கிரகப்பிரவேசம் என்றாலும் இதே கதைதான்.

அந்த மாத்திரை நார்எதிஸ்டிரோன். பீரியட்ஸ் எதிர்பார்க்கும் தேதிக்கு 3 நாள் முன்பே ஆரம்பித்து, பொதுவாக 5 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, மருத்துவர் சொல்லும் நாள்வரை. நிறுத்திய இரண்டு, மூன்று நாளில் பீரியட்ஸ் வந்துவிடும். இப்படிப் போடும்போது இதைக் கருத்தடையாக நம்பக் கூடாது. மாத்திரைதான் போடுகிறோமே என்று ஆணுறையை விட்டுவிட்டால் கரு தங்கலாம். ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு இதுவும் ஆபத்துதான். சாமி கும்பிடப் போவது அவரவர் விருப்பம். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா போட்டதில் மிச்சம் இருந்த நாலு மாத்திரையை வாங்கிப் போடுவது வேண்டாம்.

'கிட்' கருத்தடை அல்ல

தேதி தள்ளிப்போனதும் யாரிடமும் சொல்லாமல் மெடிக்கலில் 'கிட்' வாங்கிப் போடுவது இருப்பதிலேயே ஆபத்தானது. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரண்டு மருந்துகள் அடங்கிய கருக்கலைப்பு மருந்து அது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். 9 வாரத்துக்குள் மட்டும், மருத்துவர் பரிசோதித்த பிறகு கொடுக்க வேண்டியது. கரு கருப்பைக்கு வெளியே, சினைக்குழாயில் வளர்ந்துகொண்டிருந்தால் இந்த மருந்து அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உள்ளுக்குள் ரத்தம் போனால் உயிருக்கே ஆபத்து. அது தெரிவது பரிசோதனையில்தான்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்கு: ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் நனையும் அளவுக்கு, இரண்டு மணி நேரம் தொடர்ந்து ரத்தம் போனாலோ, மயக்கம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன மருந்து போட்டோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கருக்கலைப்பு சட்டப்படியே செய்துகொள்ளக்கூடியதுதான். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவருடைய கையெழுத்து ஒன்றே போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. விவரங்களை ரகசியமாக வைக்கவும் சட்டமே சொல்கிறது. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் இதற்காகவே மகப்பேறு மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

"மாத்திரை போட்டா பிறகு குழந்தையே பிறக்காதாமே?"

மாத்திரை வேண்டாம் என்று சொல்பவர்கள் அதிகம் சொல்லும் காரணம் இது. புதுமணப் பெண்களிடம் பெரியவர்கள் சொல்வதும் இதுதான். மாலா-என்னோ சாயாவோ, நிறுத்திய பிறகு கரு தங்கும் திறன் திரும்பிவிடும். அந்த மாத்திரையை மறந்தால் கரு தங்கிவிடுகிறது என்பதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? திரும்புவதற்கு மாதக்கணக்கில் ஆகக்கூடியது, அரசு இலவசமாகப் போடும் 'அந்தரா' ஊசிதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்த ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்கப் பெரும்பாலும் 7 முதல் 10 மாதம்வரை ஆகும். சீக்கிரமே குழந்தை வேண்டும் என்பவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாத்திரையும் பால்வினை நோயையோ எச்.ஐ.வி.யையோ தடுக்காது. அதற்கு ஆணுறை மட்டுமே.

மேட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சில நாள் அங்கேயே தங்கி வேலை பார்க்கும்படி ஆனால், துணிப்பைக்குள் அட்டையும் போக வேண்டும். ஊருக்குத் திரும்பும்போது அட்டை தீர்ந்திருக்கக் கூடாது என்பதால், நர்சம்மாவிடம் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அட்டையாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்து கேட்கலாம். கட்டணம் கிடையாது.